நெட்டா பிர்னியின் முள்ளெலிக்குக் குளிரக் கூடாது

நெட்டா பிர்னி வீட்டைவிட்டுக் கிளம்புவதைப் பார்த்தால், ஒரு மாதம் எங்கோ வெளியூர் போகிறவள் என்றுதான் நினைக்கத் தோன்றும். முதலில் கெட்டிலின் பிளக்கைப் பிடுங்குவாள். பிறகு டோஸ்டர், டிவி, சலவை இயந்திரம். பிடுங்கிய வயர்களைச் சுவரை ஒட்டாமல் தள்ளிப் போடுவாள். கதவைப் பூட்டித் தெருமுனை வரை வந்துவிட்டு, மறுபடி திரும்பிப் போய்த் திறந்து பார்ப்பாள். அவள் போவதோ போர்ட் ஸ்கெல்லி துறைமுகத்தின் அந்தப் பக்கம் இருக்கும் மீன் தொழிற்சாலைக்கு. நடந்தால் கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

அங்கே அவளுக்கு அடுத்த மேஜை என்னுடையது. பள்ளியை விட்ட வயதிலிருந்து இரண்டு பேரும் ஹாடக் மீனை முள் நீக்கித் துண்டு போட்டு வருகிறோம். ஒருநாள் இடைவேளையில் அவள் பையிலிருந்து சாண்ட்விச்சை எடுத்தபோது கூடவே இஸ்திரிப் பெட்டியும் வெளியே வந்தது. வயரைச் சுற்றி, துண்டில் பொதிந்து வைத்திருந்தாள். பிளக்கைப் பிடுங்கினோமா இல்லையா என்ற சந்தேகம் தீரவில்லையாம். அதனால் கையோடு கொண்டுவந்துவிட்டாளாம். அதற்குப் பிறகு எங்களில் யார் தாமதமாக வந்தாலும், "என்ன, அடுப்பைத் தூக்கிட்டு வர நேரமாயிடுச்சா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நெட்டாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் மறுநாளும் அவள் பை கனமாகத்தான் இருக்கும்.

காரணம் எனக்குத் தெரியும். அவளுடைய அப்பா உள்நாட்டில் ஒரு பண்ணையில் மாடு பார்த்துக்கொண்டிருந்தவர். பண்ணைக்காரர் கொடுத்த சிறிய வீட்டில் ஒரே ஒரு மண்ணெண்ணெய் ஹீட்டர். பனிக்காலத்தில் துணி உலர்த்தும் மரச்சட்டத்தை அம்மா அதன் முன்னால்தான் நிறுத்துவாள். நெட்டாவுக்கு ஏழு வயதிருக்கும்போது ஒரு பிற்பகலில் அந்தச் சட்டம் சரிந்து ஹீட்டர்மேல் விழுந்தது. எல்லோரும் உயிரோடு வெளியே வந்துவிட்டார்கள். ஆனால் தங்கை ஐனா எரிகிற துணியைக் கையால் இழுத்துப்போடப் பார்த்திருக்கிறாள். அவளுடைய விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டித்தான் ஆறின. அதற்குப் பிறகு பல வருடங்கள், பள்ளிக்குப் போகும் முன் தங்கையின் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிடுவது நெட்டாவின் வேலையாக இருந்தது. இதை அவள் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். "தீ பத்துறப்போ ஒரு சத்தம் வரும். ஈரப் போர்வையை ஓங்கி உதறுற மாதிரி," என்றாள். பிறகு கத்தியை எடுத்து அடுத்த மீனை வெட்டத் தொடங்கினாள்.

இப்படிப்பட்டவள் வீட்டுக்குத்தான் அந்த முள்ளெலி வந்து சேர்ந்தது.

நெட்டாவின் ஒரே மகள் லோர்னாவுக்குக் கடல் நடுவே எண்ணெய் எடுக்கும் மேடையில் சமையல் வேலை. மூன்று வாரம் கடலில், மூன்று வாரம் கரையில். அபர்டீன் நகரில் ஒரு பையனோடு வீடெடுத்து இருந்தாள். ஒரு கோடையில் அது முறிந்துபோயிற்று. பையன் சோபாவை எடுத்துக்கொண்டான், லோர்னா முள்ளெலியை எடுத்துக்கொண்டாள். ஒரு சனிக்கிழமை, கண்ணாடிக் கதவு வைத்த மரக் கூண்டோடு அம்மா வீட்டு வாசலில் வந்து நின்றாள். முள்ளெலியின் பெயர் ஸ்டோவி. நெட்டா சமைக்கும் உருளைக்கிழங்குக் குழம்பின் பெயர் அது. சுருண்டு கிடந்தால் வேகவைத்த கிழங்கு மாதிரியே இருக்கிறது என்று லோர்னா வைத்த பெயர்.

உள்ளங்கையில் அடங்கும் பிராணி. சாம்பல் முள், வெள்ளை வயிறு, எதையோ யோசிப்பதுபோல் சதா ஆடிக்கொண்டிருக்கும் மூக்கு. நெட்டாவுக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. பிடிக்காமல் போனது கூண்டின் கூரையில் தொங்கிய பீங்கான் பல்புதான். வெளிச்சமே தராது, சூடு மட்டும் தரும். எரிகிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதிலிருந்து ஒரு வயர், சூட்டை அளந்து பல்பைத் தானாகப் போட்டு அணைக்கும் தெர்மோஸ்டாட்டுக்குப் போனது. தெர்மோஸ்டாட்டின் நுனிக் கம்பி, ஸ்டோவி தூங்கும் பெட்டிக்குப் பக்கத்தில், தரையோடு ஒட்டிக் கிடந்தது.

"இதோட பூர்வீகம் ஆப்பிரிக்காம்மா," என்று லோர்னா விளக்கியிருக்கிறாள். "நம்ம தோட்டத்துல திரியுற முள்ளெலி பனிக்காலம் முழுக்கத் தூங்கிட்டு எழுந்துக்கும். இதுக்கு அது தெரியாது. குளிர் பட்டா தூங்கப் பார்க்கும், தூங்கினா அப்படியே போயிடும். கூண்டு இருபத்தஞ்சு டிகிரியில இருக்கணும். ஒண்ணு ரெண்டு கூடலாம் குறையலாம். இருபதுக்குக் கீழே போகவே கூடாது. முப்பதைத் தொட்டாலும் ஆபத்து."

"அப்போ இது எந்நேரமும் எரியணுமா?"

"எந்நேரமும்."

"வீட்ல ஆள் இல்லாதப்பவும்?"

"ஆள் இல்லாதப்போ அதுக்குக் குளிராதாம்மா?"

 லோர்னா கடல்மேடைக்கு ஹெலிகாப்டர் ஏறிய அன்றே, வேலைக்குக் கிளம்பும்போது, நெட்டா கெட்டில், டோஸ்டர், டிவி, சலவை இயந்திரம், அதோடு கூண்டின் பிளக்கையும் சேர்த்துப் பிடுங்கினாள். கோடை இன்னும் முடிந்திருக்கவில்லை. மாலையில் வந்து மறுபடி செருகினாள். ஸ்டோவிக்கு ஒன்றும் ஆகவில்லை. பூனை உணவைத் தின்றது, சக்கரத்தில் ஓடியது, நெட்டாவின் மடியில் ஏறி ஸ்வெட்டரை மோந்து பார்த்தது. மகள் சும்மா பயமுறுத்தியிருக்கிறாள் என்று நெட்டா முடிவு செய்துகொண்டாள்.

லோர்னா மூன்றாம் முறை கடலுக்குப் போனபோது அக்டோபர் கடைசி. எங்கள் ஊரில் அந்த வருடம் முதல் உறைபனி திடீரென்று இறங்கியது. காலையில் துறைமுகப் படிகளில் உப்புத் தூவினார்கள். நெட்டா வழக்கம்போலப் பிளக்குகளைப் பிடுங்கிவிட்டு வந்தாள்.

மாலையில் அவள் திரும்பிப் போனபோது ஸ்டோவி தூங்கும் பெட்டிக்கு வெளியே பாதி கிடந்தது. சுருண்டும் இல்லை, நீண்டும் இல்லை. கூப்பிட்டவுடன் எழுந்திருக்கப் பார்த்து, குடிகாரன்போல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நெட்டா அதை எடுத்து வயிற்றில் விரலை வைத்தாள். நாள் முழுக்க ஐஸிலிருந்து மீனை எடுக்கும் கை அவளுடையது. மேஜையில் தொடுகிற அதே குளிர்.

 வெந்நீரில் வைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்திருக்கிறாள். நல்லவேளை, அதற்கு முன் பீட்டர்ஹெட்டில் இருக்கும் கால்நடை மருத்துவமனைக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் அலட்டிக்கொள்ளாத குரலில் வெந்நீர் வேண்டாம், முடி உலர்த்தும் மெஷினும் வேண்டாம் என்றாள். உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், மெதுவாகச் சூடாகட்டும், அவசரப்பட்டால் இதயம் தாங்காது. நெட்டா அதை ஸ்வெட்டருக்குள் வயிற்றின்மேல் வைத்துக் கைகளால் மூடிக்கொண்டு, கூண்டின் பிளக்கைச் செருகிவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். வெகு நேரத்துக்கு ஒன்றுமே அசையவில்லை. தன் மூச்சையா அதன் மூச்சையா எதைக் கேட்கிறோம் என்றே தெரியவில்லை என்றாள். பிறகு ஒரு முள் குத்தியது. அப்புறம் பல முட்கள்.

மகளிடம் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. அன்று மாலையே கடல்மேடைக்குப் போன் போட்டு, தினமும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

 லோர்னாவுக்குப் பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. பிறகு, "அம்மா, ஒரு தடவை இப்படி ஆன பிராணி மறுபடி ஆனா எழுந்திருக்காது. உன்னால முடியலைன்னா சொல்லு. வேற யாருக்காவது கொடுத்துடறேன். உன்மேல கோபமில்ல," என்றாள்.

"யாருக்கும் கொடுக்க வேண்டாம். நான் போட்டே வைக்கிறேன்," என்றாள் நெட்டா.

போட்டே வைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு வந்த வாரங்களில் அவள் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு பயத்துக்குப் பதில் இரண்டு. பல்பு எரிந்தால் வீடு பற்றிவிடுமோ, அணைந்தால் ஸ்டோவி செத்துவிடுமோ. கத்தி அவள் கையில் நழுவத் தொடங்கியது. இத்தனை வருடத்தில் தன்னை வெட்டிக்கொள்ளாதவள் கட்டைவிரலை ஆழமாகக் கீறிக்கொண்டாள். இடைவேளை மணி அடித்ததும் ரப்பர் பூட்ஸோடு, மீன் செதில் ஒட்டிய ஏப்ரனோடு, துறைமுகச் சுவரோரமாக ஓடுவாள். இரண்டொரு முறை நானும் கூட ஓடினேன். வீட்டு வாசலுக்கு முன் நின்று முதலில் மூக்கை உயர்த்தி மோந்து பார்ப்பாள். புகை வாசம் இல்லையென்றால் கதவைத் திறப்பாள். உள்ளே போய்த் தெர்மோஸ்டாட்டைத் தொட்டு, வயரைத் தொட்டு, பிளக்கைத் தொட்டு, கடைசியில் ஸ்டோவியின் வயிற்றைத் தொடுவாள். கூண்டுக்குள் இரண்டு வெப்பமானிகள் வைத்திருந்தாள். ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று உண்மை சொல்லட்டும் என்று. இரண்டும் ஒரு டிகிரி வித்தியாசம் காட்டின. அதனால் எது பொய் என்று புதுக் கவலை.

அவள் தினமும் தாமதமாகத் திரும்புவதை மேற்பார்வையாளர் கவனித்துக் கூப்பிட்டு எச்சரித்தார். முள்ளெலியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? வயிற்றுக் கோளாறு என்று சொல்லிவைத்தாள்.

டிசம்பரில் லோர்னா கடலில் இருந்தபோது அந்தப் புயல் வந்தது.

வடக்கிலிருந்து வந்த காற்று. கூடவே பனி. வெள்ளிக்கிழமை மதியமே எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நெட்டா கோட்டைக் கழற்றி மாட்டும்போதே விளக்கு இரண்டு தடவை சிமிட்டி அணைந்துவிட்டது. எங்கள் தெருவெல்லாம் நகராட்சி வாடகைக்கு விடும் கவுன்சில் வீடுகள். எல்லாமே மின்சாரத்தில்தான் ஓடும். கணப்புப் புகைபோக்கிகளை எப்போதோ செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். ஊருக்கு மேட்டில் விறகு அடுப்பு வைத்திருக்கும் வீடுகள் உண்டு. ஆனால் கூரை ஓடுகள் தெருவில் கத்திபோலப் பறந்துகொண்டிருந்தன. யாரும் வெளியே வர வேண்டாம் என்று போலீஸ் வண்டி ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே போனது. அதற்குப் பிறகு அந்த வண்டியும் வரவில்லை. போன் கோபுரமும் செத்துவிட்டது.

நெட்டா கூண்டைப் போர்வைகளால் மூடினாள். அடுத்த வீட்டு எக் வாட் தன் சின்ன கேஸ் முகாம் அடுப்பில் தண்ணீர் காய்ச்சிப் பாட்டில்களில் ஊற்றிச் சுவருக்கு மேலாகக் கொடுத்தார். படகுகளுக்குப் பெயின்ட் அடித்து ஓய்வு பெற்றவர் எக். எழுபதைத் தாண்டியவர். அவருக்கு ஊரில் எல்லாப் பெண்களும் "பொண்ணு"தான். அந்த ராத்திரி பாட்டில்களால் ஓடியது. நெட்டா ஸ்டோவியை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு, பாட்டில்களைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் அடுக்கி, கட்டிலில் உட்கார்ந்தபடியே விடிய வைத்தாள்.

சனிக்கிழமை மதியம் எக்கின் அடுப்பில் கேஸ் தீர்ந்துபோயிற்று. கடைசி பாட்டிலோடு அவர் வேறு ஒன்றையும் படகுக் கொட்டகையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார். நெட்டா அதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். கம்பி வலை போட்ட, கறுத்துப்போன, பழைய மண்ணெண்ணெய் ஹீட்டர்.

"அதை எடுத்துட்டுப் போங்க எக்," என்றாள்.

"நல்லாத்தான் இருக்கு. திரியை இப்பத்தான் வெட்டிவிட்டேன்."

"எடுத்துட்டுப் போங்க."

எக் எடுத்துப் போகவில்லை. அவரும் காற்றில் நின்று விவாதிக்கிற நிலையில் இல்லை. முன் வாசலுக்குள் வைத்துவிட்டு, "வேணும்னா சுவத்துல தட்டு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அறைக்குள் வெப்பமானி ஒன்பது காட்டியது. நெட்டா இரண்டு ஸ்வெட்டர், கோட்டு, அதன்மேல் போர்வை போட்டிருந்தாள். ஆனாலும் அவளே நடுங்கினாள். நடுங்குகிற உடம்பு இன்னொரு உடம்பை எவ்வளவு நேரம் சூடாக வைத்திருக்கும்? கடைசிப் பாட்டில் ஆறிவிட்டது. மாலை மூன்றரைக்கே இருட்டத் தொடங்கியபோது அவள் ஸ்வெட்டருக்குள் கையை விட்டுப் பார்த்தாள். முட்கள் மடங்கிக் கிடந்தன. தொட்டால் சிலிர்க்கவில்லை. வயிறு அன்று போல ஐஸாக ஆகவில்லை. ஆனால் அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. மனதுக்குள் அந்த வாசலைப் பார்ப்பதும் பார்க்காமல் இருப்பதுமாக இருந்தாளாம். பிறகு சுவரில் தட்டினாள்.

எக் வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "குளிக்கிற ரூம்ல வைங்க," என்பது. அங்கே சுவரும் தரையும் ஓடு பதித்தது. தொட்டி இரும்பு. எரிவதற்கு ஒன்றும் இல்லை. இருந்ததையும் அவள் இல்லாமல் ஆக்கினாள். குளியல் திரை, துண்டுகள், மிதியடி, ஜன்னல் துணி எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டாள். கடைசியாகக் கழிப்பறைக் காகிதச் சுருளையும் எடுத்தாள்.

"அதையும் எடுத்துட்டா அவசரத்துக்கு நான் என்ன பண்றது?" என்றார் எக்.

"உங்க வீட்டுக்குப் போங்க," என்றாள் நெட்டா. அவளுக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது.

எக் இரண்டு வாளியில் பனியை அள்ளி வைத்தார். ஹீட்டரைத் தொட்டிக்குள் நடுவில் நிறுத்தினார். ஜன்னலைக் கையளவு திறந்து வைக்கச் சொன்னார், இல்லாவிட்டால் அதன் புகை ஆளைச் சத்தமில்லாமல் தூங்க வைத்துவிடும். அதுதான் அவருக்கு நிஜமான பயம். அவருக்கும் பயம் இருக்கிறது என்பதை அப்போதுதான் நெட்டா கவனித்தாள். "நான் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உக்காந்துக்கறேன். கூப்பிட்டா பதில் சொல்லணும். சொல்லலைன்னா கதவை உடைச்சிட்டு வருவேன், அப்புறம் கதவுக்கு நீதான் கவுன்சில்ல பதில் சொல்லணும், பொண்ணே."

தீக்குச்சியை உரசியது எக்தான். நெட்டா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். மண்ணெண்ணெய் வாசம் எழுந்ததும் மூக்கை ஸ்வெட்டர் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டாள். ஆனாலும் வெளியே போகவில்லை. கழிப்பறை மூடிமேல் உட்கார்ந்து, ஸ்டோவியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கையில் வெப்பமானியைப் பிடித்துக்கொண்டாள்.

சின்ன அறை. சூடு சீக்கிரம் ஏறியது. பதினைந்து, பதினெட்டு, இருபத்திரண்டு. அவளுக்கு ஆறுதல் வரத் தொடங்கும் முன்பே இருபத்தெட்டாகிவிட்டது. இன்னும் ஏறினால் அதுவும் ஆபத்து. திரியை இறக்க வேண்டும். இறக்குவதற்கு அதன் பக்கத்தில் போக வேண்டும், குமிழைக் கையால் தொட வேண்டும். எக்கைக் கூப்பிடலாம்தான். கதவைத் திறந்தால் உள்ளே சேர்ந்த சூடு முழுக்கப் போய்விடும். அவள் எழுந்து, முகத்தைத் தோளுக்குள் ஒதுக்கிக்கொண்டு, கையை நீட்டிக் குமிழைத் திருப்பினாள். சுடர் தாழ்ந்தது. கொஞ்ச நேரத்தில் இருபத்துமூன்றாகிக் கீழே போகத் தொடங்கியது. மறுபடி ஏற்றினாள். அன்று மாலையும் ராத்திரியும் முழுக்க அவள்தான் தெர்மோஸ்டாட். ஒவ்வொரு முறையும் முதல் முறை மாதிரியேதான் இருந்தது என்றாள். பழகவே இல்லை.

வெளியே எக் பேசிக்கொண்டே இருந்தார். அவர் பெயின்ட் அடித்த படகுகளைப் பற்றி, எந்தக் கப்பல்காரன் எந்த நிறத்துக்கு அடம்பிடித்தான் என்பதைப் பற்றி. நடுநடுவே "நெட்டா?" என்பார். "இருக்கேன்," என்பாள்.

ஒரு முறை காற்று திசை மாறியது. திறந்த ஜன்னல் வழியாகப் பனித் துகளோடு ஒரு வீச்சு உள்ளே பாய்ந்தது. வலைக்குப் பின்னால் நீலமாக இருந்த சுடர் மஞ்சளாகி, கறுப்பு நுனியோடு, ஒரே எழும்பலாய்க் கூரையைப் பார்த்து எழுந்தது. அந்தச் சத்தம் வந்தது, போர்வையை உதறுகிற சத்தம்.

 எக் என்று நெட்டா கூப்பிட்டாள். பதில் இல்லை. அவர் வாளிக்கு இன்னும் பனி அள்ள வெளியே போயிருந்தார், அது அவளுக்குத் தெரியாது. புகை கண்ணில் பட்டது. ஓடிவிடலாம் என்ற எண்ணம்கூட வரவில்லையாம், அவ்வளவு பயம். அப்போது ஸ்வெட்டருக்குள் ஏதோ உதைத்தது. கலைந்த தூக்கத்தில் குழந்தை உதைப்பதுபோலச் சின்னதாக ஓர் உதை, பிறகு முட்கள் மொத்தமாகச் சிலிர்த்து அவள் தோலில் ஏறின. வலியில் அவளுக்கு மூச்சு வந்தது. முழங்கையால் ஜன்னலைத் தள்ளி மூடினாள். இரண்டடி நடந்தாள். குமிழைப் பிடித்துத் திருப்பினாள். வலை சூடாகி விரலைச் சுட்டது, விடவில்லை. சுடர் தாழ்ந்து நீலமானது. உடனே ஜன்னலைப் பழையபடி கையளவு திறந்தாள். கூரையில் கறுப்பாக ஒரு வட்டம் படிந்திருந்தது.

எக் திரும்பி வந்து, "நெட்டா?" என்றார்.

"எங்க போனீங்க?"

"பனி அள்ள."

"இனிமே சொல்லிட்டுப் போங்க," என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். எக்குக் கேட்காதபடி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மின்சாரம் வந்தது. ஹீட்டரை எக் அணைத்து எடுத்துப் போனார். கூண்டு இருபத்தைந்துக்கு ஏறும் வரை நெட்டா ஸ்டோவியைக் கீழே விடவில்லை. ஆனால் பயம் அத்தோடு முடியவில்லை. ஸ்டோவி உயிரோடு இருந்ததே தவிர, இரண்டு நாள் எதையும் தின்னவில்லை. கால் தள்ளாடியது. சாலையில் விழுந்த மரங்களை வெட்டி அகற்றியதும் நான்தான் நெட்டாவைக் காரில் பீட்டர்ஹெட் மருத்துவமனைக்கு ஏற்றிப்போனேன். காரில் ஹீட்டரை முழுக்கப் போட்டு எனக்கு வியர்த்துக் கொட்டியது. அவள் மடியில் இருந்த பெட்டிக்குள் கையை விட்டு எடுக்கவே இல்லை. மருத்துவர் ஊசி போட்டார். சிரிஞ்சில் உணவு புகட்டக் கற்றுக்கொடுத்தார், பிழைக்கும் என்று உறுதியாகச் சொல்ல மறுத்தார். அந்த வாரம் நெட்டா விடுப்பு எடுத்தாள். மேற்பார்வையாளரிடம் இந்த முறை உண்மையைச் சொன்னாள். அவர் சிரிப்பார் என்று நினைத்தாள். தன் வீட்டில் ஒரு கிளி இருப்பதாக அவர் சொன்னார்.

லோர்னா கரைக்கு வந்தபோது ஸ்டோவி புழுவைத் தானாகத் தின்னத் தொடங்கியிருந்தது. குளியலறைக் கூரையில் இருந்த கறுப்பு வட்டத்தைப் பார்த்துவிட்டு லோர்னா வெகு நேரம் அங்கேயே நின்றாள். ஐனா சித்தியின் விரல்களைப் பார்த்திருந்தாலும், வீட்டில் ஒருவரும் சொல்லாத அந்தப் பழைய தீயைப் பற்றி அவளுக்கு அதுவரை தெரியாது. அன்றுதான் நெட்டா மகளிடம் சொன்னாள். அடுத்த நாள் லோர்னா அபர்டீனுக்குப் போய், மின்சாரம் போனாலும் கூண்டை ஒரு நாள் முழுக்கத் தாங்கும் பேட்டரிப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தாள். நெட்டா அதைச் சுற்றிச் சுற்றி வந்து, இது தீப்பிடிக்குமா என்று கேட்டாளாம்.

ஸ்டோவி அதற்குப் பிறகு இன்னும் ஒரு குளிர்காலத்தைத் தாண்டியது. அந்த இனத்துக்கு வருகிற கட்டி வந்து, அடுத்த வசந்தத்தில், கூண்டின் சூட்டிலேயே தூக்கத்தில் போயிற்று. நெட்டா தோட்டத்தில் ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் புதைத்தாள். எக் மரப்பலகையில் பெயர் எழுதிக் கொடுத்தார், படகுக்கு எழுதுகிற மாதிரி பெரிய எழுத்தில்.

கூண்டை விற்றுவிடுவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். விற்கவில்லை. செப்டம்பரில் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. ஒரு குடும்பம் வெளிநாடு போகிறது, அவர்களிடம் ஒரு முள்ளெலி இருக்கிறது, முள்ளெலி வளர்க்கத் தெரிந்தவர் உங்களைத் தவிர வேறு யாரையும் எங்களுக்குத் தெரியாது என்றார்கள். நெட்டா முடியாது என்று சொல்லி வைத்துவிட்டாள். மறுநாள் வேலையில் மீனை வெட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"நல்லதுதான். உனக்கு இனிமே நிம்மதி," என்றேன்.

 இடைவேளை மணி அடித்ததும் அவள் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வாசலுக்குப் போய் நின்று மருத்துவமனைக்குப் போன் போடுவதைப் பார்த்தேன். கடல் பக்கமிருந்து காற்று கிளம்பியிருந்தது. ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, இப்போது அது இருக்கிற வீட்டில் எத்தனை டிகிரி என்று உரக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.